தலைக்கு மேல போன 35,000 வோல்ட்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா. எங்க தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து அங்கே பிழைக்கப் போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருத்தர். "சுரங்கத்துக்குள்ள பல்பு எரியும்டா, லீவுல ஊருக்கு வந்தா காடா விளக்குதான்" என்பார். அந்தக் கரண்டு எங்கிருந்து வந்துச்சு என்று நோண்டினதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

காவிரியின் சிவசமுத்திரம் அருவி. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், பொறியாளர் லோத்பினியர் இருவரின் முயற்சி. 1902 ஜூன் 30-ல் கரண்டு ஓட ஆரம்பித்தது. பாவம், ஐயர் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். ஆறு ஜெனரேட்டர், ஒவ்வொன்றும் 720 கிலோவாட். மொத்தம் 4,320. போக வேண்டிய தூரம் 147 கி.மீ. தேர்ந்தெடுத்த மின்னழுத்தம் 35,000 வோல்ட்.

ஏன் 35,000? சும்மா 2,200 வோல்ட்டில் அனுப்பியிருந்தால் (பவர் ஃபேக்டரை மறந்துடுங்க) கம்பியில் 1,130 ஆம்பியர் ஓடும். 35,000 என்றால் 71 ஆம்பியர்தான். அழுத்தம் 16 மடங்கு ஏறினால், அதே கம்பியில் வீணாகும் மின்சாரம் 250-ல் ஒரு பங்காகிவிடும். தாமிரம் தங்கம் மாதிரி விற்றால் தங்கம் எடுத்து என்ன லாபம்? :-)

சரி, இன்னும் ஏத்த வேண்டியதுதானே? கல்லூரியில் மனப்பாடம் பண்ணின ஆல்ஃப்ரெட் ஸ்டில் சூத்திரம் ஞாபகமிருக்கா? கிலோமீட்டரை 1.6-ஆல் வகுத்து, கிலோவாட்டை 100-ஆல் வகுத்து, ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, 5.5-ஆல் பெருக்கணும். போட்டுப் பார்த்தேன், 64 கிலோவோல்ட் வருது. இவங்க எடுத்தது அதில் பாதி!

முட்டுக்கட்டை பீங்கான்தான். அப்போ இருந்தது ஆணி மேல உட்கார்ந்த கிண்ணம் மாதிரியான இன்சுலேட்டர். அழுத்தம் ஏற ஏற கிண்ணம் பெருக்கும், கனக்கும், உடையும். 1907-ல் ஹ்யூலெட், பக் என்ற ரெண்டு பேர் தொங்கும் தட்டு இன்சுலேட்டரைக் கொண்டுவந்த பிறகுதான் கதை மாறியது. அழுத்தம் கூடணுமா, சரத்தில் இன்னும் ரெண்டு தட்டைக் கோத்துடு, அவ்ளோதான். பைகாராவிலிருந்து 1930-களில் கோவைக்கு வந்தது 66,000 வோல்ட்.

இந்தத் தேர்வு இன்னொன்றையும் பூட்டிவிடுகிறது: லைன் எவ்வளவு சுமக்கும் என்பதை. குட்டி லைனுக்கு எல்லை சூடு. கம்பி சூடானால் நீளும், தொய்யும், மரத்தைத் தொடும். நீளமான லைனில் அதற்கு முன்னாடியே கடைசி முனையில் வோல்ட்டேஜ் விழுந்துவிடும். தோராயக் கணக்கு, கிலோவோல்ட்டின் வர்க்கத்தை 400-ஆல் வகுங்க. 35-க்கு வருவது மூணே மெகாவாட். 70-க்கு பன்னிரண்டு. அழுத்தம் இரட்டித்தால் சுமை நாலு மடங்கு.

இருந்த கொஞ்ச மின்சாரம் யாருக்கு? முதல் பந்தி சுரங்கத்துக்கு. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905-ல். லைன் கடந்து போன கிராமங்கள்? அழுத்தம் உயர உயர நடுவில் இறக்கிக் கொடுக்கும் செலவும் உயரும். பத்து விளக்குக்காக யார் 35,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள்? தூரத்துக்குச் சிக்கனம் தருகிற அதே எண்தான் கீழே இருப்பவனைத் தாண்டிப் போகவும் வைக்குது. சூத்திரத்தில் தூரமும் வாட்டும் இருக்கு. வழியில் இருக்கிற ஊர் இல்லை.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். இப்போ வயல் மேல 400 கிலோவோல்ட் லைன் ரீங்காரம் போடுறதைக் கேட்டால் தாத்தாவின் காடா விளக்குதான் ஞாபகம் வருது.

டிஸ்கி: கணக்கில் தப்பிருந்தா மின்பொறியாளர்கள் பின்னூட்டத்தில் குட்டலாம். மெதுவா!