நெய்வேலிச் சுரங்கமும் அடிநிலத்து நீரும்

கல் வலியது என்பர். ஆயின், அவ்வலிமை எத்திசைக்கும் ஒத்ததன்று என்பதைக் கல்தச்சர் நன்கறிவர். மேலிருந்து அமுக்கும் பெருஞ்சுமையைக் கருங்கல் தாங்கி நிற்கும். இருபுறமும் இழுக்கப்படின், அதனிற் பத்திலொரு பங்கு விசைக்கே பிளந்துபோம். வரிசையாகக் குழியிட்டு ஆப்பிறக்கிப் பாறையை நேர்கோட்டிற் பிளக்கும் பண்டைத் தொழின்முறை இவ்வியல்பு பற்றியதே. யாம் வாழும் நெய்வேலியின் வரலாறும் இவ்வியல்போடு பிணைந்துளது. அதனை நம் அன்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிடுவித்தபொழுது கரியதொரு பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. பின்னர் அரசினர் பலவிடத்தும் துளையிட்டு ஆய்ந்தனர். 1956இல் நிலக்கரிக் கழகம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் நேரு பெருமகனார் அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார். கரியின் முகத்தைக் கண்டதோ 1961இல்.

நான்கு ஆண்டுகள் ஏன் வேண்டின என்று எம் மாணாக்கர் வினவுவதுண்டு. கரியின்மேற் கிடப்பது வெறும் மண்ணன்று. கடலூர் மணற்கல் எனப்படும் அடுக்கு. செருமானிய நாட்டிலிருந்து வந்த சக்கரவாளிப் பொறிகளின் பற்கள் அக்கல்லின் மணலில் உராய்ந்து விரைவில் தேய்ந்தன. ஆதலின், இறுகிய இடங்களை முன்னரே வெடிவைத்துத் தளர்த்தவேண்டியதாயிற்று.

இப்பொறிகளைக் கண்டு வியவாதார் இலர். எமக்கோ கண்ணிற் படாத நீரே பெருவியப்பு. மேற்கேயுள்ள மேட்டுநிலங்களிற் பெய்யும் மழை மணலடுக்கினுட் புகுந்து, கடல்நோக்கிச் சரிந்து, கரியின் அடியில் அடைபட்டு நிற்கின்றது. அதன் அழுத்தம் ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம். கணக்கிட்டுப் பார்மின்! ஒரு சதுர மீட்டர் நிலத்தை 60 முதல் 80 டன் விசை கீழிருந்து மேனோக்கித் தள்ளுகின்றது. எழுபது மீட்டர் மணலும் கல்லும் மேலே கிடக்குமளவும், ஏறத்தாழ 140 டன் சுமை அதனை அடக்கியிருக்கும். அச்சுமையை அகழ்ந்தெடுத்தபின் எஞ்சுவது யாது? பதினைந்து மீட்டர்க் கரியாயின் அதன் நிறை 17 டன் அளவே. அடியில் உந்தும் நீர் கரித்தளத்தை வில்லென மேனோக்கி வளைக்கும். வளைந்ததன் மேற்புறம் இழுவைக்கு உள்ளாகும். இழுவையைத் தாங்காத அத்தளம் பிளந்து, வெள்ளம் சுரங்கத்தை மூடும். கல்தச்சன் ஆப்பினாற் செய்வதை ஈண்டு நீர் செய்யும் என்க.

இதற்குக் கண்ட வழி ஒன்றே. சுரங்கத்தைச் சூழக் குழாய்க் கிணறுகள் இறக்கி, நீரழுத்தம் கரித்தளத்தின் கீழே தாழுமாறு இரவும் பகலும் இறைத்தனர். இறைப்பு நின்றால் அழுத்தம் மீளும். ஆதலின் அகழ்வு நடக்குமளவும் அதற்கு ஓய்வில்லை.

இவ்வளவும் பொறியியலார் திறமே. அதனை யாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் அழுத்தம் தாழ்ந்தது சுரங்கத்தடியில் மட்டுமோ? நீரடுக்கு ஒன்றே. துளையிட்ட மாத்திரத்தே தாமே பொங்கிய ஊற்றுக்கிணறுகள் சுற்றூர்களில் முன்பு இருந்தன. அவை ஓய்ந்தன, உழவர் துளையை மேன்மேலும் ஆழமாக்கிப் பொறிவைத்து இறைக்கலாயினர். சுரங்கத்திற்கு நிலம் விட்டுச் சென்ற குடிகளைப் பற்றிப் பலரும் பேசுவர். நிலம் இருந்தும் ஊற்றிழந்த குடிகளைப் பற்றிப் பேசுவார் சிலரே. சுரங்கத்தில் இறைத்த நீர் அனல்மின் நிலையத்திற்கும் நகரியத்திற்கும் பயன்படுகின்றது. எம் இல்லத்துக் குழாயில் விழுவதும் அந்நீரே.