சங்கிலியை அவிழ்த்தவர் யார்?

மனநல மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் தவறாமல் எதிர்கொள்ளும் ஓவியம் ஒன்றுண்டு. தோனி ராபர்-ஃப்ளெரி 1876இல் தீட்டியது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் மருத்துவர் பிலிப் பினெல் நின்றிருக்க, ஒரு பெண்ணின் தளைகள் கழற்றப்படுகின்றன. பினெலே சங்கிலிகளை அகற்றியவர் என்று நம் மனத்தில் பதிந்துபோனதில் இவ்வோவியத்துக்கும் பங்குண்டு.

உண்மை சற்று வேறானது. பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் ஆண் நோயாளிகளின் சங்கிலிகளை அகற்றியவர் ழான்-பாப்திஸ்த் ப்யுஸன். அப்போது பினெல் அங்கிருந்து சால்பெத்ரியேருக்கு மாறி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. ப்யுஸன் மருத்துவரல்லர், தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற பிசேத்ருக்கு வந்து, குணமாகி, அங்கேயே பணியில் அமர்ந்து, மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளராக உயர்ந்தவர்.

அவர் செய்த இன்னொரு காரியம் இன்னும் முக்கியமானதென்று தோன்றுகிறது. தம் பிரிவின் பணியாட்களைக் குணமடைந்து வரும் நோயாளிகளிலிருந்தே தேர்ந்தெடுத்தார். அந்தத் துயரத்தை அறிந்தவர்கள் பிறரை அடிக்கத் துணியமாட்டார்கள் என்பதே காரணம். பினெல் இதையெல்லாம் மறைக்கவில்லை. 1801இல் வெளியான தம் நூலில் ப்யுஸனைப் புகழ்ந்தே எழுதினார். 1802இல் அவரைத் தம்மிடமே வரவழைத்துக்கொண்டார். மறந்தவர்கள் பின்னால் வந்தவர்கள்தாம்.

நோயிலிருந்து மீண்டவர் இன்னொரு நோயாளிக்குத் துணைநிற்பது ஊதியத்துக்குரிய பணி என்பதைச் சட்டமும் அரசும் ஏற்க இரு நூற்றாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1999இல் மெடிக்கெய்ட் நிதியிலிருந்து இப்பணிக்குக் கட்டணம் பெறத் தொடங்கியது. 2007இல் நடுவண் அரசு மற்ற மாநிலங்களுக்கும் வழிகாட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. கலிஃபோர்னியாவிலோ 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌனும், 2019இல் கேவின் நியூசமும் இதற்கான மசோதாக்களைத் தடுத்து நிறுத்தினர். செனட்டர் ஜிம் பீல் விடவில்லை. 2020 செப்டம்பரில், முந்தைய ஆண்டு மறுத்த அதே நியூசம் அவருடைய மசோதாவில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின்படி, தாமோ தம் குடும்பத்தாரோ நோயை அனுபவித்திருப்பது சான்றிதழுக்கான தகுதிகளுள் ஒன்று. வேலை கேட்கும் இடத்தில் மறைத்தே ஆகவேண்டியிருந்த ஒன்றை, விண்ணப்பத்தில் தகுதியாக எழுதலாம் என்றாகிறது. எனினும் திட்டத்தில் சேர்வதும் சேராததும் அந்தந்த மாவட்டத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது. ப்யுஸன் யாருடைய சான்றிதழையும் கேட்காமல் செய்ததற்கு, நாம் இவ்வளவு தூரம் நடந்தும் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.