சர்வே நம்பர் பூஜ்யம்

சக்குபள்ளத்தில் மழைக்கும் ஏலக்காய்க்கும் நடுவில் வளர்ந்தவன் நான். குஜராத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புல்கூட இல்லாத மண்ணைப் பார்த்தேன். சின்ன ரண். சுமார் 5,000 சதுர கிலோமீட்டர்!

ஒரு காலத்தில் கடல் உள்ளே வந்துபோன இடம்; வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டது. மழைக்காலத்தில் இன்றும் வெள்ளக்காடுதான். தண்ணீர் வற்றியதும், அக்டோபர் வாக்கில், அகரியாக்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போடுவார்கள். சேற்றைக் காலாலேயே மிதித்து இறுக்கிப் பாத்தி கட்டி, நிலத்தடி உப்புநீரை இறைத்து விட்டு, கோடை வரை வெயிலில் காய்ச்சினால் பெரிய பெரிய கல்லாக உப்பு விளையும். அந்தக் கால்கள் சிதையில்கூடச் சரியாக வேகாது என்பார்கள். கேட்டதிலிருந்து சாப்பாட்டில் உப்பு போடும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

வெள்ளைக்காரன் 1872-லேயே காராகோடாவில் உப்பளம் தொடங்கி வரி பார்த்துவிட்டான். ஆனால் ரண்ணை மட்டும் அளக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் பல காலம் அளக்கவில்லை. அதனால் பேரே 'சர்வே நம்பர் பூஜ்யம்'. 1973-ல் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். கழுதைக்கு நிலம் கிடைத்தது, அகரியாவுக்குப் பத்திரம் கிடைக்கவில்லை. பத்திரம் இல்லாதவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். உப்புக்கு விலை வைப்பதும் அந்த வியாபாரிதான்.

பட்டயத்துக்காக அப்பா வில்லேஜ் ஆபீஸ் படி ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். போன வாரம் ஒரு பெரியவர் கடன் விண்ணப்பம் நீட்டினார். 'நில விவரம்' என்ற கட்டம் காலி. ரூல் ரூல்தானே... திருப்பிக் கொடுத்துவிட்டேன்.