ஜாம் போத்தல் விளக்குக்கு யாரும் கழிவு தரவில்லை

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போரோடு யாழ்ப்பாணத்தில் கறண்ட் நின்றது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் அது திரும்பியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் கோண்டாவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சைக்கிளே கொண்டுவரவில்லை. "அண்ணை, பழைய ரியூப் வால்வு ஒண்டு இருந்தால் தாங்கோ" என்றுதான் கேட்டார்கள்.

வால்வு விளக்குக்கு. ஒரு ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். வால்வுக் குழாய்க்குள் திரியை ஓட்டிக் கம்பியில் கட்டிப் போத்தலுக்குள் இறக்கிவிட்டால் விளக்கு தயார். சுற்றிவரக் கண்ணாடி, அதனால் காற்றுக்கு அணையாது. எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால் தட்டுப்பட்டு விழுந்தாலும் பாயில் தீப்பிடிப்பது அருமை. அரிக்கன் லாம்பு ஓர் இரவில் குடிக்கிற எண்ணெயில் இது பல இரவு எரியும். அரசு போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கொழும்பு விலையைப்போலப் பல மடங்குக்கு விற்றது. சாதாரண தரமும் உயர்தரமும் படித்த ஒரு தலைமுறை இந்த வெளிச்சத்தில்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பரீட்சை எழுதியது. இதை முதலில் செய்தவர் யார் என்று எத்தனையோ ஊர்க்காரர் உரிமை கோரக் கேட்டிருக்கிறேன். நான் எவருக்கும் பட்டம் கொடுக்கப் போவதில்லை.

பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. எனவே டைனமோவுக்கு மதிப்பு ஏறியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, வீட்டார் றேடியோவைச் சுற்றி இருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ற், மூன்று வாற். அதுவும் ஆடலோட்டம், றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். இடையில் டையோட் வைத்துக் கொடுக்கப் பெடியள் நல்லாய்ப் பழகியிருந்தார்கள். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துபோகும். மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் பீச்சவேண்டும். பிறகு ஊரெல்லாம் புகை.

இவற்றைவிடப் பெரிய அடி கிணற்றடியில் விழுந்தது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. செம்மண் தோட்டம் முழுக்கக் கிணற்று நீரை நம்பியது. எங்கள் அப்பு காலத்தில் துலா. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்து துலாவை விறகாக்கியது. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் பெருகியது அந்த மெசினால்தான். தடைக்காலத்தில் எண்ணெய் இல்லாமல் மெசின் சாக்குப்போட்டு மூடிக் கிடந்தது. சிலர் துலாவைத் திரும்ப நட்டார்கள். ஆனால் மிதிக்கத் தெரிந்தவர் அப்போதே கிழவராகிவிட்டிருந்தார்.

தெற்கில் மின்சார சபை சிக்கனக் குமிழ்களைக் கொடுத்து, விலையை மாதக் கட்டணத்தோடு தவணையாகக் கட்ட வைத்ததும் இதே தொண்ணூறுகளில்தான். எங்களுக்குக் கட்டணப் பட்டியலே வரவில்லை. தவணைக்கு எங்கே போவது?

கறண்ட் திரும்பிய பிறகும் அது நெடுங்காலம் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து எடுத்த கறண்ட்தான். போர் முடிந்த பிறகே வவுனியா, கிளிநொச்சி வழியாக 132 கிலோவோல்ற் வழி வந்து எங்களை நாட்டின் மின்வலையோடு இணைத்தது. அதற்குள் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது. அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டுமென்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்றை மட்டும் நம்பி வாழ்கிற ஊரில் ஒரு யூனிற்றை மிச்சம் பிடிப்பது பணக்கணக்கு மட்டுமல்ல.

2016 புரட்டாதியில் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டம் வந்தது. கூரையில் சூரியத் தகடு போட்டு, மிஞ்சுகிற கறண்டை மின்சார சபைக்குக் கொடுத்தால் முதல் ஏழு வருடம் யூனிற்றுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்று அப்போது சொன்னார்கள். அதற்கு முன் இருந்த முறையில் மிஞ்சியது கணக்கில் மட்டும் சேரும், காசு வராது. அடுத்த வருடமே ஆசிய அபிவிருத்தி வங்கி, தகடு போடுவோருக்கு வங்கிகள் மூலம் கொடுக்க 5 கோடி அமெரிக்க டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கைகளிலும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் கட்டிய வீடுகள் தகடு போட்டன. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் ஓலை, தகரக் கூரைக்காரருக்கும் அதில் இடமில்லை. 2025 சித்திரை விடுமுறையில், மின்வலை தாங்காது, பகலில் தகட்டை நிறுத்துங்கள் என்று சபையே கேட்டது வேறு கதை.

இதற்கு நடுவில் 2022 வந்தது. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா. மாதம் 30 யூனிற்றுக்குள் அடக்கி வாழ்ந்த வீட்டுக்கு 2 ரூபா 50 சதமாக இருந்த யூனிற் விலை 8 ஆகி, 2023 மாசியில் 30 ரூபாவாயிற்று. மாத நிலையான கட்டணம் 30 ரூபாவிலிருந்து 400க்குப் போனது. பிறகு குறைத்தார்கள், உண்மை. ஆனாலும் நாட்டிலேயே ஆகக் குறைவாகப் பாவித்தவர்கள் தலையில்தான் அந்த ஏற்றம் பல மடங்காய் விழுந்தது. மிச்சம் பிடிப்பவனுக்குக் கழிவு கொடுப்பதாகச் சொல்லும் அரசு, ஏற்கெனவே மிச்சம் பிடித்து முடித்தவனிடம் எதைக் கழிக்கச் சொல்கிறது?

கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் மின்சார சபைக்கும் ஒரு வேண்டுகோள். கூரைக்குக் கொடுத்த சலுகையில் ஒரு பங்கைக் கிணற்றடிக்குக் கொடுங்கள். சூரிய ஒளியில் இயங்கும் பம்பிக்கும் சொட்டு நீர்க் குழாய்க்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு கட்டும் தவணையில் விடுங்கள். கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் நீர்வேலியிலும் வெயிலுக்குத் தட்டுப்பாடு இல்லை. தோட்டக்காரனுக்கு முதல் மட்டும்தான் இல்லை.