தூத்துக்குடி அனல்மின் நிலையம்: உள்மின் பகிர்வு

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியுள்ள அரசு அனல்மின் நிலையம். தலா 210 மெகாவாட் திறனுள்ள 5 யூனிட்கள், மொத்தம் 1,050 மெகாவாட்.

1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தத் தென்கோடிக்கு முக்கிய மின் ஆதாரமாக இருந்தது தாமிரபரணி ஆறு. மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்த்தது. பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. இருந்தும் இந்தக் கரையில் அனல்மின் நிலையம் வரக் காரணம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம்தான். ஹால்தியா, பாரதீப் துறைமுகங்களிலிருந்து நிலக்கரி கப்பலில் வந்தது. 1979, 1980, 1982 என முதல் 3 யூனிட்கள் ஓடின. அடுத்து 5ஆம் யூனிட் 1991இலும், 4ஆம் யூனிட் 1992இலும் வந்தன, தம்பி முந்திக்கொண்டான்.

மின்சாரம் தயாரிக்கவும் மின்சாரம் வேண்டும். கரி அரைக்கும் மில், காற்றாடி, தண்ணீர் பம்ப் எல்லாம் நிலையத்தின் சொந்த மின்சாரத்தில்தான் ஓடும். உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு இதற்கே போய்விடும். ஜெனரேட்டர் தருவது 15.75 கிலோவோல்ட். அதைப் பெரிய டிரான்ஸ்பார்மர் 230 ஆக உயர்த்தி வெளியே அனுப்பும். யூனிட் டிரான்ஸ்பார்மர் 6.6 ஆகக் குறைத்து உள்ளே தரும். பெரிய மோட்டார்கள் அதிலேயே ஓடும், சிறியவற்றுக்கு 415 வோல்ட் பேனல்கள். எல்லாம் அணைந்தாலும் பிரேக்கர்களை இயக்கவும் அவசர எண்ணெய் பம்பை ஓட்டவும் பேட்டரி வரிசை உண்டு. அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர்.

இந்த ஊருக்கே உரிய எதிரி உப்பு. உப்பளத்துக்கு வாய்ப்பான குறைந்த மழை, மின்சாதனங்களுக்கு வினை. மாதக்கணக்கில் பீங்கான் இன்சுலேட்டர்மேல் படியும் உப்பைக் கழுவ மழை வராது. விடியற்காலைப் பனியில் அது ஈரமானால் மின்சாரம் மேற்பரப்பு வழியே பாய்ந்து லைன் டிரிப் ஆகிவிடும். கழுவித் துடைப்பது பழைய முறை. ஈரம் ஒட்டாத சிலிகான் பூச்சும் சிலிகான் ரப்பர் இன்சுலேட்டரும் பின்னாளில் வந்தவை.

2025 மார்ச்சில் கேபிள்களில் பற்றிய தீயால் முதல் 3 யூனிட்களும் நின்றன. முதல் இரண்டுக்குச் சேதம் அதிகம். நாற்பது ஆண்டு கடந்த யூனிட்களைப் புதுப்பிப்பதா மூடுவதா என்று பேசும்போது, கொதிகலன், டர்பைன் வயதோடு கேபிளின் வயதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.