'ஹங்கர் கேம்ஸ்' பார்த்தாச்சா... அடுத்து என்ன படிக்கலாம்?

'ஹங்கர் கேம்ஸ்' படங்களை எல்லாம் பார்த்து முடிச்சுட்டீங்களா? அப்போ புத்தகத்தைக் கையில் எடுக்க இதுதான் சரியான நேரம். "கதைதான் தெரிஞ்சுபோச்சே பாஸ்"னு கேட்கிறீங்கதானே? ஒரு சின்ன கணக்கு சொல்றேன்.

12 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண். மொத்தம் 24 பேரில் ஒருத்தர்தான் உயிரோடு திரும்ப முடியும். யார் போகணும்னு குலுக்கல் முறையில் தேர்வு நடக்கும். 12 வயசில் உங்க பேர் ஒரு சீட்டில் இருக்கும். 18 வயசு வரைக்கும் வருஷத்துக்கு ஒரு சீட்டு கூடும். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையா? கூடுதலாக ஒரு சீட்டு போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குத் தேவையான தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அம்மா, தங்கச்சி, தனக்குன்னு இப்படி வாங்கி வாங்கியே 16 வயசு காட்னிஸ் பேரில் 20 சீட்டு சேர்ந்திருக்கும். அவ நண்பன் கேல் பேரில் 42! பார்க்க எல்லாருக்கும் பொதுவான குலுக்கல் மாதிரிதான் தெரியும். ஆனா ஏழை வீட்டுப் பிள்ளைகள் மாட்டத்தான் வாய்ப்பு அதிகம். படத்தில் ஓரிரு வசனங்களில் கடந்துபோற இந்த விஷயத்தை, நாவல் நிறுத்தி நிதானமா சொல்லும்.

ஒருபக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் ஈராக் போர்க் காட்சிகள்னு டிவியில் சேனல் மாத்திக்கிட்டே இருந்தப்போதான் சூசன் காலின்ஸுக்கு இந்த ஐடியா வந்ததாம். முதல் பாகம் 2008-ல் வெளியானது. முன்கதைகளாக 2020-லும் 2025-லும் வந்த நாவல்களைத் தயவுசெஞ்சு முதலில் தொடாதீங்க. காட்னிஸின் மூன்று பாகங்களையும் முடிச்சுட்டுப் படிச்சாதான் அந்தப் பழைய கதைகளோட வலி புரியும்.

அடுத்து, என் ஃபேவரைட். லோயிஸ் லௌரி 1993-ல் எழுதிய 'தி கிவர்'. சண்டை இல்லை, பசி இல்லை, வலி இல்லை. அப்படி ஒரு ஊர். அங்கே 12 வயசானா, நீங்க என்ன வேலை பார்க்கணும்னு பெரியவங்க குழு முடிவு பண்ணிச் சொல்லிடும். (பத்தாவது ரிசல்ட் வந்ததும் எந்த குரூப் எடுக்கணும்னு சொந்தக்காரங்க கூடிப் பேசுவாங்களே... அதேதான்!) ஜோனாஸ் என்ற பையனுக்கு மட்டும் விநோதமான ஒரு வேலை கிடைக்குது. பழைய உலகத்தின் நினைவுகளை எல்லாம் வாங்கி வெச்சுக்கணும். அதில் பனிச்சறுக்கும் இருக்கு, போரும் இருக்கு.

அந்த ஊரில் நிறங்களே கிடையாது. இதை லௌரி நேரடியாகச் சொல்லவே மாட்டார். ஜோனாஸ் கையில் இருக்கும் ஆப்பிள் ஒரு நொடி 'மாறுது'. என்ன மாறுதுன்னு அவனுக்கும் புரியாது, நமக்கும் புரியாது. சில அத்தியாயங்கள் கழிச்சு அது சிவப்புன்னு தெரியவரும்போது, 'அட, இத்தனை பக்கமா நிறமே இல்லாத ஊரிலா இருந்தோம்'னு தூக்கிவாரிப் போடும். 2014-ல் வந்த படம் ஆரம்பமே கறுப்பு வெள்ளைதான். அந்த அதிர்ச்சி அதில் காலி! இருநூறு பக்கச் சொச்சம்தான், இங்கிலீஷும் எளிமை. அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது வாங்கின இதே நாவலைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி பெற்றோர்கள் சிலர் போர்க்கொடி தூக்கியதும் நடந்திருக்கு. முடிவு என்னன்னு நீங்களேதான் யோசிச்சுக்கணும். அது பிடிக்காதவங்களும் உண்டு. எனக்குப் பிடிச்சது.

மேட்லின் லெங்கிலின் 'எ ரிங்கிள் இன் டைம்' இதுக்கெல்லாம் சீனியர். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம்னு திருப்பி அனுப்பிய பிறகு, 1962-ல் வெளிவந்தது. கண்ணாடியும் பல்லில் கிளிப்பும் போட்ட, ஸ்கூலில் திட்டு வாங்கும் மெக்தான் ஹீரோயின். நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோங்க.

தமிழில் படிக்கணுமா? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கு. 1980-களில் எழுதப்பட்டது. குழந்தை பெத்துக்க அரசாங்கத்தின் அனுமதி வேணும், பேர் ரெண்டெழுத்துக்கு மேல இருக்கக் கூடாது. ஜீவாவின் ஆட்சி அப்படி! காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணை, ஜீனோ என்ற ரோபோ நாய். புத்தகம் படிக்கும், வாய் ஓயாமல் பேசும். முடிச்ச கையோட 'மீண்டும் ஜீனோ'வைத் தேடுவீங்க. அதனால ரெண்டையும் சேர்த்தே வாங்கிடுங்க.