தமிழ்நாட்டில் மலிவு விலைக் கல்லூரிப் பாடநூல்கள்

தமிழ்நாட்டில் கல்லூரிப் பாடநூல்களை மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் தரும் அரசு முயற்சி, தமிழ்வழிப் பட்டப்படிப்போடு சேர்ந்தே வளர்ந்தது. அச்சிட்டு விற்பது, இரவல் கொடுப்பது, படியெடுக்க இடமளிப்பது, இணையத்தில் இலவசமாக வெளியிடுவது என நான்கு வழிகள் இதற்குக் கையாளப்பட்டன. கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள வடக்கனந்தல் போன்ற ஊர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களுக்கு, நூலின் விலை, மொழி, கிடைக்கும் இடம் ஆகிய மூன்றுமே தடையாகலாம்.

பின்னணி

விடுதலைக்குப் பின்னரும் பட்டப்படிப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பிரித்தானிய அரசின் மானியத்தோடு 1960-இல் தொடங்கிய ஆங்கிலமொழி நூல் கழகம் (இ.எல்.பி.எஸ்.), அந்நாட்டு நூல்களைக் குறைந்த விலையில் இந்தியாவுக்கு அனுப்பியது. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட கணிதம், இயற்பியல் நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தமிழ்நாட்டில் விற்றது. இவை விலைத் தடையைத் தளர்த்தினாலும் மொழித் தடை நீடித்தது.

பாடநூல் நிறுவனம்

கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் காலத்தில், 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி இளங்கலை வகுப்பு தொடங்கியது. அதற்குத் தமிழில் நூல்கள் தேவைப்பட்டன. பல்கலைக்கழக நிலை நூல்களை வட்டார மொழிகளில் உருவாக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1 கோடி ரூபாய் வழங்கும் திட்டத்தை நடுவண் அரசு 1968-இல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-இல் அமைந்தது.

வரலாறு, பொருளியல், அளவையியல், வேதியியல், விலங்கியல் எனப் பல துறைகளில் கல்லூரி ஆசிரியர்களே நூல்களை எழுதினர் அல்லது மொழிபெயர்த்தனர். வாங்குவோர் குறைவு என்பதால் தனியார் பதிப்பகங்கள் துணியாத பாடங்களிலும் அரசுப் பணத்தால் நூல்கள் வந்தன. கலைச்சொற்கள் வகுப்பறைப் புழக்கத்துக்கு வரவும் இவை உதவின.

ஆனால் அறிவியல் மாணவர்கள் ஆங்கிலவழியையே பெரிதும் நாடினர். பாடத்திட்டங்கள் மாறியபோது நூல்கள் திருத்தப்படவில்லை. பல நூல்கள் மறுபதிப்புக் காணாமல் போயின. அந்த இடத்தைத் தேர்வு நோக்கிலான ‘கைடு’கள் பிடித்துக்கொண்டன.

நூல் வங்கி

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான நடுவண் அரசின் நூல் வங்கித் திட்டம் 1978-79-இல் தொடங்கியது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளின் விலையுயர்ந்த நூல்களை வாங்கி, ஒரு தொகுப்பை மாணவர்கள் பகிர்ந்து பயன்படுத்தச் செய்வது இதன் முறை. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மாணவர்களும் இத்தகைய திட்டத்துக்குரியவர்களே. எனினும் இது பெரும்பாலும் தொழிற்படிப்புகளை மையமாகக் கொண்டது, பி.ஏ., பி.எஸ்சி. பயில்வோருக்கு அதனால் பயன் குறைவு.

படியெடுக்கும் உரிமை

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத்தொகுப்புகளைப் படியெடுத்து விற்ற ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காகப் படியெடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில், கற்பித்தலுக்கு அந்தப் பகுதிகள் தேவைதானா என்பதை ஆராயுமாறு அமர்வு வழக்கைத் திருப்பி அனுப்பியது. பதிப்பகங்கள் 2017-இல் வழக்கைத் திரும்பப் பெற்றன. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் பாடத்தொகுப்பு தயாரிக்கவும் இத்தீர்ப்பு வழிகாட்டுகிறது.

இணையக் காலம்

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பாட விரிவுரைகளை இலவசமாக்கியது. அதில் பொறியியலும் அறிவியலும் முதன்மை பெற்றன. மொழி பெரும்பாலும் ஆங்கிலம். பாடநூல் நிறுவனத்தின் பழைய தமிழ் நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இதனால் அச்சில் இல்லாத நூல்கூட மலையடிவாரக் கைப்பேசியில் திறக்கிறது. ஆயினும் அளவையியல், பண்டைய வரலாறு போன்ற பாடங்களுக்கு இன்றும் உதவும் அந்நூல்கள், உயிரியல், பொருளியல் போன்று விரைவாக மாறும் பாடங்களுக்குப் போதா. விலையின் சுமை குறைந்துள்ள நிலையில், இன்றைய பாடத்திட்டத்துக்கேற்ற புதிய தமிழ் நூல்களை எழுதுவதே எஞ்சியுள்ள பெரும்பணி.